இடது வேலி

பந்து மறுபடியும் வந்து தகரச் சுவரில் மோதியது. தமாயோவின் கையிலிருந்த சூப் கிண்ணம் தளும்பி மடியில் கொட்டியது. துணியை உதறிக்கொண்டு எழுந்தவள் செருப்பைக்கூட மாட்டாமல் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"யோவ், கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

மைதானத்தின் நடுவில் கோஸோ மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். எழுபதை நெருங்கும் வயது. வெயிலில் கறுத்துக் காய்ந்த முகம். தொப்பியைக் கழற்றி வணங்குவதுபோல் தலையை ஆட்டினார். அந்த வணக்கத்தில் மரியாதை துளியும் இல்லை.

"எந்திரிச்சாச்சா? நல்லது. பிள்ளைங்களுக்கு இடதுபக்கம் பந்து பிடிக்கப் பழக்கணும். இடதுபக்கத்துல ஒரு வீடு நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்த வீட்டுக்குள்ள ஆளு இருக்குல்ல?"

"அதான் பிரச்சினையே."

பையன்கள் கையுறையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். தமாயோ காலடியில் உருண்டு கிடந்த பந்தை எடுத்து, மைதானத்துப் பக்கம் எறியாமல், முதுகுப்புறமாக ஆற்றுப் பக்கம் வீசினாள். பிறகு கதவை அறைந்து சாத்தினாள்.

கோஸோ குறி தவறுகிற ஆள் இல்லை. தூரத்தில் ஒரு வாளியை வைத்து அதற்குள் பந்தைப் போடச் சொன்னால் போட்டுவிடுவார். ஒகினோசே என்ற அந்தக் கடலோரக் கிராமத்தில் எல்லோருக்கும் அது தெரியும். ஆகவே தினமும் காலையில் அவள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, அவள் ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே பந்து வந்து மோதுவது தற்செயல் அல்ல என்பதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

சுனாமி அலை வந்துபோன அந்த வருடம், மேட்டில் தப்பி நின்ற ஒரே சமதரை இந்தச் சிறுவர் பேஸ்பால் மைதானம்தான். நகராட்சி அதன்மேல் ஜல்லியைக் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, வரிசை வரிசையாகத் தகர வீடுகளை நட்டது. வீடிழந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். அதற்குப் பிறகு மலையைக் குடைந்து அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். ஒவ்வொரு குடும்பமாக மேலே போனது. காலியான வரிசைகளைப் பிரித்தெடுத்தார்கள். கடைசி வரிசையின் கடைசி வீட்டில் மட்டும் இன்னும் விளக்கு எரிந்தது. மலை மேல் வீட்டின் சாவி தமாயோவிடமும் இருந்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தாள்.

பிரித்தெடுத்த பாதி நிலத்தில் ஜல்லிக்கு நடுவே பையன்கள் பயிற்சியைத் தொடங்கியிருந்தார்கள். முழங்கால் சிராய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்த தாய்மார்களின் கோபமெல்லாம் அந்தக் கடைசி விளக்கின் பக்கம் திரும்பியது. ஒரு நாள் தமாயோ கடற்பாசிக் கொட்டகை வேலை முடிந்து திரும்பியபோது அவள் சுவரில் கறுப்பு மையால் 'வீட்டுக்குப் போ' என்று எழுதியிருந்தது. அவள் வீட்டை அலை அடித்துக்கொண்டு போயிருந்தது. வீட்டோடு கணவன் தகேயோவையும். எழுத்தை அவள் அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே கயிறு கட்டித் துணி காயப்போட்டாள்.

அவளைவிட அதிகமாக அந்த மைதானத்தை வெறுத்தவர்கள் ஊரில் இல்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அது மைதானம் அல்ல. ஆற்று முகத்துக்கு மேலே காற்று வாங்கும் கல்தரை. கடலில் அறுத்த பாசியைக் கோடையில் அங்கேதான் விரித்துக் காய வைப்பார்கள். உருண்டைக் கற்களை நெருக்கமாகப் பரப்பி வைத்திருப்பார்கள். கல் சூடேறி அடியிலிருந்தும் பாசியை உலர்த்தும். ஊர்ப்பொது நிலம்தான் என்றாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டை உண்டு. இடது ஓரப் பட்டை, இப்போது அவள் தகர வீடு நிற்கும் இடம், தமாயோவின் அப்பா இசாஜியுடையது.

அப்போது கோஸோவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றின் அணியில் பந்தெறிந்து தோள் போய்த் திரும்பி வந்திருந்தார். பிள்ளைகள் விளையாட இடமில்லை, மைதானம் போடுவோம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசினார். பாசியைக் கடற்கரை மணலிலேயே காய வைக்கலாமே என்றார். ஊர்க் கூட்டத்தில் ஆண்கள் கை தூக்கினார்கள். இசாஜி ஒருவர்தான் தூக்கவில்லை.

இசாஜி கடலுக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில் கோஸோ மண் தள்ளும் வண்டியோடு வந்தார். தமாயோவின் அம்மா மசு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் கல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோஸோவும் இன்னொருவனும் இறங்கி வந்து, கையும் காலுமாகப் பிடித்து, மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். தலைத்துணி அவிழ்ந்து விழுந்தது. "கனமாத்தான் இருக்கீங்க அண்ணி" என்று ஒருவன் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பள்ளிச் சீருடையில் தமாயோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி தள்ளிய கற்கள் எல்லாம் ஆற்றில் சரிந்தன.

அந்த மண்ணில் கால் வைப்பதில்லை என்று அவள் அன்றைக்கே முடிவு செய்தாள். தகேயோ வேலி ஓரம் நின்று ஆட்டம் பார்க்கப் போனால்கூட இரண்டு நாள் பேசமாட்டாள். கடைசியில் அலை துரத்திய நாளில் மூச்சிரைக்க ஓடிப்போய் நின்ற இடம் அதுதான். பனி பெய்துகொண்டிருந்தது. கோஸோ வீரர்கள் உட்காரும் பெஞ்சுகளையும் ஸ்கோர் பலகையையும் கோடாலியால் பிளந்து நெருப்பு மூட்டினார். தமாயோவும் அந்த நெருப்புக்குக் கை நீட்டினாள். அது அவளுக்கு மறக்கவும் இல்லை, செரிக்கவும் இல்லை.

ஜூன் மாதம் நகராட்சியிலிருந்து சுகவரா என்ற இளைஞன் வந்தான். வாசலில் நின்று நான்கைந்து முறை குனிந்தான்.

"மைதானத்தைப் புதுசா போட்டுக் குடுக்கப் போறோம்மா. முழு இடமும் காலியானாத்தான் வேலை ஆரம்பிக்க முடியும். வரைபடத்துக்கு ஊர் சம்மதமும் வேணும். ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டிருக்காங்க. நீங்களும் வரணும்."

"வந்தா?"

"உங்களுக்கு என்ன வேணும்னு சொன்னீங்கன்னா..."

"கோஸோ எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, எங்கம்மாவை என்ன பண்ணினார்னு அவர் வாயால சொல்லணும். சொன்னா மறுநாளே இந்த வீட்டுச் சாவியை உன் கையில குடுத்துடறேன். சொல்லலேன்னா என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும். தூக்கிப் பழக்கம் உள்ள ஆளுதானே, அவரையே அனுப்பு."

சுகவராவுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு முறை குனிந்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடம் நிரம்பி வழிந்தது. தமாயோ உட்கார்ந்த வரிசையில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எதிர்ச்சுவர் ஓரம் கிகுனோ இருந்தாள். அஞ்சு வருஷம் தகர வீட்டில் அடுத்த சுவர்க்காரி. ஒருத்தி இருமினால் இன்னொருத்தி சுவரைத் தட்டி "மருந்து இருக்கா?" என்று கேட்பாள். கொட்டகையிலும் இருவரும் ஒரே மேசையில்தான் பாசி அரிந்தார்கள். கிகுனோவின் மகன் அணியில் சேர்ந்த பிறகு அவள் வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

கோஸோதான் முதலில் எழுந்தார். "ஒரே ஒரு ஆளு. அந்த ஒரு ஆளோட வீம்புக்காக நம்ம பிள்ளைங்க ஜல்லியில விழுந்து புரளணுமா? பக்கத்து ஊர்ல எல்லாம் மைதானம் போட்டு விளையாட ஆரம்பிச்சுட்டான். நாம இன்னும் ஒரு அம்மா சூப் குடிச்சு முடிக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கோம்."

சிரிப்பு எழுந்தது. கிகுனோ சிரிக்கவில்லை. கோபத்தில் அவள் கழுத்து சிவந்திருந்தது.

"ஏன்க்கா இப்படி அழிச்சாட்டியம் பண்றே? மேல வீடு இருக்கு, வெந்நீர் வருது, குளிர் தெரியலை. எல்லாரும் வந்துட்டோம். உனக்கு மட்டும் என்ன? அன்னைக்கு ராத்திரி யாரு மூட்டின நெருப்புல குளிர் காய்ஞ்சே? நன்றின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"காய்ஞ்சேன்" என்றாள் தமாயோ. "எங்கம்மாவைத் தூக்கிப் போட்ட எடத்துல உட்கார்ந்துதான் காய்ஞ்சேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தமாயோ எழுந்து நின்று சொன்னாள். வண்டி வந்ததை, மசு உட்கார்ந்ததை, தலைத்துணி விழுந்ததை. அழவில்லை. விசாரணையில் சாட்சி சொல்வதுபோல் சொன்னாள்.

"பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார் கூட்டத் தலைவர்.

"உங்களுக்குப் பழசு. அவர் சொல்லட்டும். நடந்துச்சா, இல்லையா?"

கோஸோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நடந்துச்சு. நான்தான் தூக்கினேன். காலைப் பிடிச்சது நான். சிரிச்சதும் நான்தான், போதுமா? மன்னிப்புக் கேப்பேன்னு நினைச்சியா? கேக்க மாட்டேன். அந்தத் தரை பாசிக் கல்லாவே கிடந்திருந்தா அதுல வண்டி ஏறியிருக்காது, ஹெலிகாப்டர் எறங்கியிருக்காது. ஊரே ஏறி வந்து நிக்க எடம் இருந்திருக்காது. உங்கம்மா உட்கார்ந்ததைப் பார்த்துப் பயந்து நான் வண்டியைத் திருப்பியிருந்தா இங்க இருக்கறதுல பாதிப் பேரு இன்னைக்கு இருக்க மாட்டான். இன்னைக்கு அதே மாதிரி உட்கார்ந்தாலும் அதேதான் பண்ணுவேன்."

தமாயோ இத்தனை வருஷமும் காத்திருந்த வார்த்தைகள் அவை. கேட்டால் நெஞ்சில் ஏதாவது இறங்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. நின்றவள் அப்படியே நின்றாள்.

"யாரு உட்கார்ந்தாலுமா?" என்று ஒரு குரல் கேட்டது. கிகுனோ.

"என்னது?"

"நான் உட்கார்ந்தா? என்னையும் தூக்கி ஓரமா வைப்பீங்களா கோச்சு?"

"யாரா இருந்தாலும்தான்" என்றார் கோஸோ, கோபத்தின் வேகத்தில்.

அந்த ஒரு வார்த்தை கூடத்தின் பெண்கள் பக்கத்தில் போய் விழுந்தது. அதுவரை மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"அப்படின்னா இதையும் கேட்டுக்கோங்க" என்றாள் கிகுனோ. "கரையில மணல்ல காய வையுங்கன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க? அந்த மணல் இப்ப எங்க? கரை முழுக்கச் சிமெண்ட் சுவரு எழுப்பியாச்சு. நாங்க ரோட்டுல பாசியை விரிக்கிறோம். லாரி ஏறுது. புழுதி படியுது. பாதிப் பாசியைத் தூக்கி எறியறோம். பையன்களுக்கு முழு மைதானம். எங்களுக்கு? இடதுபக்கம் தமாயோ அக்கா பட்டை இருந்த எடத்தைப் பாசிக்கு விடுங்க. வேலியை உள்ள தள்ளிப் போடுங்க."

"உன் பையன் என் டீம்ல ஆடறான் கிகுனோ!"

"ஆடட்டும். அவன் வயிறு பாசியிலதான் நிறையுது."

கோஸோவுக்கு முகம் கறுத்தது. "வேலியை அங்க கொண்டு வந்தா என்ன ஆகும் தெரியுமா? சோத்துக் கரண்டியால அடிச்சாலே பந்து தாண்டிடும்! அது பேஸ்பாலா? நம்மளைப் பார்த்து ஊரே சிரிக்கும்!"

"நீங்க சிரிச்சீங்கல்ல. இப்ப ஊரு சிரிக்கட்டும்" என்றாள் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருத்தி.

கை தூக்கச் சொன்னார்கள். இந்த முறை கூடத்தில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். சுகவரா எண்ணி முடித்ததும் வரைபடத்தில் இடது வேலியை அழித்து, பென்சிலால் உள்ளே தள்ளி வரைந்தான். கோஸோ தொப்பியை எடுத்துக்கொண்டு, தலைவர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்.

செருப்பு மாட்டும் இடத்தில் தமாயோ கிகுனோவின் பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொல்வது என்று தேடினாள்.

"உனக்காகப் பேசினேன்னு நினைச்சுக்காதே" என்றாள் கிகுனோ, குனிந்தபடியே. "ரெண்டு வருஷமா என் பிள்ளை முழங்காலைப் பேத்துக்கிட்டு வரான். அதை நான் மறக்க மாட்டேன்."

"நானும்தான் மறக்கலை. சுவத்துல எழுதினது உன் பையன் கையெழுத்து."

கிகுனோ குடையை விரித்துக்கொண்டு போனாள்.

தமாயோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மறுநாள் தரையைத் துடைத்து, ஜன்னல் கண்ணாடியையும் துடைத்து, தகர வீட்டுச் சாவியைச் சுகவராவின் கையில் வைத்தாள். வண்டி வந்து சுவர்களைக் கழற்றி அடுக்கியபோது, கறுப்பு மை எழுத்து தலைகீழாக ஏறிப்போனது. அவள் மலை வீட்டுக்கு நடந்தே போனாள். இரும்புக் கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. முதல் வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கம் வரவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாத காலைகள் நீளமாக இருந்தன.

கோடை முழுவதும் மைதானத்தில் வேலை நடந்தது. இறுகிப்போன ஜல்லியை இயந்திரம் பெயர்த்தெடுத்தாலும் பொடிக்கல் மண்ணோடு கலந்து கிடந்தது. கோஸோ கோபித்துக்கொண்டு அணியை விட்டுவிடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் விடவில்லை. அப்பாமார்கள் சல்லடை பிடிக்க, அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கினார். பொறுக்கிய கல்லை வேலிக்கு அப்பால் பெண்களின் பட்டைக்குள் எறிந்தார். பெண்கள் அதை வாரித் திரும்ப உள்ளே கொட்டினார்கள். சில நாட்கள் ஒரே ஜல்லி இரண்டு மூன்று தடவை வேலியைத் தாண்டியது. சுகவரா நடுவில் நின்று இருபக்கமும் குனிந்து குனிந்து இடுப்பு வலி கண்டான்.

பெண்களுக்குக் கல்தரை போட உருண்டைக் கல் கிடைக்கவில்லை. நகராட்சி கொடுத்தது உடைத்த கருங்கல். பாசியைக் கிழித்துவிடும். தமாயோ அதைத் திருப்பி அனுப்பினாள். ஒரு நாள் காலை அவள் பட்டையில் நின்று கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தபோது ஒரு லாரி பின்னோக்கி வந்து அவள் கால்விரலை ஒட்டி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் கோஸோ. பின்பெட்டியைச் சாய்த்தார். சேறு அப்பிய உருண்டைக் கற்கள் இரைந்து சரிந்தன. ஆற்று முகத்தைத் தூர் வாரும் இயந்திரத்தைக் கேட்டு வாங்கி, தான் தள்ளிய இடத்திலேயே தோண்டியிருக்கிறார்.

"கழுவி எடுத்துக்கோ" என்றார். "என்னால கழுவ முடியாது."

தமாயோ ஒரு கல்லைக் காலால் புரட்டிப் பார்த்தாள். கீழே வழவழப்பாக இருந்தது.

"இது பத்தாது. இன்னும் ரெண்டு லோடு இருக்கணும்."

"உங்கப்பனும் இப்படித்தான் பேசுவான்!" என்று கத்திவிட்டுக் கோஸோ கதவை அறைந்தார். மத்தியானத்துக்குள் மீதி இரண்டு லோடும் வந்து சேர்ந்தது. கல் கழுவ வந்த பெண்களில் கிகுனோவும் இருந்தாள். தமாயோவிடமிருந்து தள்ளி, எதிர்முனையில் உட்கார்ந்து கழுவினாள்.

அடுத்த வருடம் மைதானம் திறந்தார்கள். வேலி விஷயத்தில் கோஸோ சொன்னதே நடந்தது. வெளியூர் அணிகளின் சுண்டைக்காய்ப் பையன்கள்கூட இடது வேலியைத் தாண்டி அடித்தார்கள். ஒகினோசே அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒவ்வொரு பந்து தாண்டும்போதும் கோஸோ பெண்களின் பட்டையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பந்து காயும் பாசியில் வந்து விழும்போதெல்லாம் தமாயோ அவரைப் பார்த்துத் திட்டினாள். வாசகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. கோஸோ பையன்களைப் பந்தைத் தாழ்வாக எறியச் சொல்லிக்கொடுத்தார். தாழ்வாக வருகிற பந்தை அடித்தால் அது தரையோடு உருளுமே தவிர வேலிக்கு மேலே எழும்பாதல்லவா? நாலாவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அந்த ஊரிலேயே பந்தை அவ்வளவு தாழ்வாக எறிகிற பையன்கள் முன்பு இருந்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது மலைப்பக்கம் வானம் திடீரென்று இருண்டது. பட்டை முழுக்க அன்றைக்குத்தான் விரித்த பாசி. ஒருமுறை நனைந்தால் எல்லாம் வெளுத்துப் போகும். மற்ற பெண்கள் கொட்டகையில் இருந்தார்கள். தமாயோ தனியாக இந்த முனையிலிருந்து சுருட்டத் தொடங்கினாள். முதல் துளிகள் கல்லில் பட்டுப் புகைந்தன.

பார்வையாளர் பலகையில் உட்கார்ந்திருந்த கிகுனோ எழுந்து ஓடிவந்தாள். வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைந்து, எதிர்முனையில் உட்கார்ந்து சுருட்ட ஆரம்பித்தாள். இரண்டு பேர் கைகளும் ஒரே வேகத்தில் ஓடின. கொட்டகை மேசையில் ஓடிய அதே வேகம். நடுவில் சந்தித்தபோது இருவர் முழங்கைகளும் இடித்துக்கொண்டன.

"தள்ளு" என்றாள் தமாயோ.

"நீ தள்ளு" என்றாள் கிகுனோ.

மழை கொட்டியது. பையன்கள் கூரைக்கடியில் ஓடினார்கள். கோஸோ மட்டும் புது மண் கரையாமல் இருக்க, பந்தெறியும் மேட்டின்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, அதன் நுனியில் தானே உட்கார்ந்துகொண்டு தொப்பலாக நனைந்தார். அங்கிருந்தே கையை நீட்டிக் கத்தினார்.

"அந்த மூலையில ஒரு பாசி சுருட்டாமக் கிடக்குது. கண்ணு தெரியலையா?"

"தெரியுது, வாயை மூடிக்கிட்டு உட்காரு!" என்று திரும்பக் கத்தினாள் தமாயோ. உண்மையில் அவள் பார்த்திருக்கவில்லை. சேலைபோல் நீண்டு கிடந்த அந்தப் பாசியை நோக்கி, வழுக்கும் கற்களின்மேல், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.